கசப்புத் தடம்

சுகிர்தாவின் பத்திரிகைப் பத்தி நின்றுபோன அதே மாதத்தில்தான் அவளுடைய தங்கை எஸ்தரின் முதல் தடம் வெளியானது.

பதினேழு வருடங்களாகச் சுகிர்தா ஒரே விஷயத்தைப் பற்றித்தான் எழுதி வந்தாள். பெரிய நிறுவனங்களின் பளபளப்பான விளையாட்டுகளை அவள் தொடுவதில்லை. எங்கோ ஒரு மூலையில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, கட்டம் கட்டமான பழைய பாணிப் படங்களும் கீச்சுக் கீச்சென்ற இசையுமாகச் செய்கிற சின்னஞ்சிறு கேம்கள்தான் அவள் துறை. எதில் எத்தனை நிறம், எந்த ஒலி எந்தக் காலத்து மெஷினுடையது, யார் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. லேசில் பாராட்ட மாட்டாள். அவள் பாராட்டி எழுதிய வரிகளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தவர்கள் உண்டு.

பிறகு மக்கள் வாசிப்பதை விட்டுவிட்டு, பிறர் விளையாடிய அனுபவத்தைப் பதிவு செய்த தடங்களை அணியத் தொடங்கினார்கள். பத்திரிகை நின்றது. தடங்களை வெளியிடும் சேவை நிறுவனம், பழைய விமர்சகர் என்ற மரியாதைக்காகச் சுகிர்தாவுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. பதிவுக் கருவியோடு காஜா மைதீன் என்ற தொழில்நுட்பக்காரன் பாளையங்கோட்டையில் இருந்த அவள் வீட்டுக்குக் காலையிலேயே வந்தான். மதியச் சாப்பாட்டு நேரம் ஆனது. எதிர்த் தெருப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்க்கும் எஸ்தர், தினமும்போல் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இது என்ன, தலைவலிக்குக் கட்டுத பட்டையா?" என்று கேட்டாள் எஸ்தர்.

"இல்லக்கா. இத நெத்தியில கட்டிக்கிட்டு கேம் விளையாடணும். உங்களுக்கு உள்ள என்னென்ன தோணுதோ எல்லாத்தையும் இது எடுத்துக்கிடும். அப்புறம் வேற யாராவது இதே மாதிரிப் பட்டையப் போட்டா, நீங்க பட்ட சந்தோஷம் அப்படியே அவங்களுக்கும் வரும்."

"கேம் விளையாடாமயே?"

"ஆமா. விளையாடாமயே."

சுகிர்தா காலையிலிருந்து நான்கு முறை பதிவு செய்திருந்தாள். அவள் கை கழுவப் போன நேரத்தில் எஸ்தர் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு, திரையில் நின்றிருந்த கேமைத் தட்டினாள். தபால்கார நத்தை ஒன்று தெருவைக் கடந்து எதிர்வீட்டில் ஒரு கடிதத்தைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். கடந்து முடிக்க ஒன்பது நிமிடம் ஆகும். பொத்தானை விட்டால் நத்தை தூங்கிவிடும்.

"எக்கா, இதப் பாரேன்! மூஞ்சி அப்படியே எங்க கணக்கு வாத்தியாரு!" எஸ்தர் வாயில் சோற்றோடு சிரித்தாள். "ஏய், தூங்காதல. லெட்டரக் குடுக்கணும்லா… ஏ, மழை வருது. எக்கா, நான் கஷ்டப்படுதேன்னு தெரிஞ்சே மழை வந்திருக்கு பாரு. இப்ப எப்படி வழுக்கிக்கிட்டுப் போறாரு!"

காஜா மைதீன் அந்தப் பதிவை அழிக்கவில்லை. விளையாட்டாக மேலே அனுப்பிவைத்தான். சுகிர்தாவின் நான்கு பதிவுகளும் திரும்பி வந்தன. எஸ்தரின் ஒன்பது நிமிடத்தை ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர் அணிந்தார்கள்.

முதலில் சுகிர்தா சிரிக்கத்தான் செய்தாள். தங்கைக்குக் கேமைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெயர்களைக்கூடச் சரியாகச் சொல்ல மாட்டாள். பேருந்துப் பணிமனையில் பயணிகள் எல்லோரும் கோழிகளாக இருக்கும் கேமுக்கு அவள் வைத்த பெயர் 'கோழி டிப்போ'. டிக்கெட் கொடுத்தால் கோழிகள் அதைக் கொத்தித் தின்றுவிடும். "பாவம், டிக்கெட்டத் திங்கிற அளவுக்குப் பசி. நான் ஒருத்திக்கு ரெண்டா குடுத்தேன்" என்றாள் எஸ்தர். நிலாவில் பல்பு மாற்றும் எலக்ட்ரீசியனைப் பற்றிய கேமில் ஏணி எப்போதும் ஒரு படி குறைவாக இருக்கும். அதை ஜெயிக்கவே முடியாது என்பதுதான் அதன் நுட்பம் என்று சுகிர்தா ஒருமுறை இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். எஸ்தரோ இருபது நிமிடம் முயன்றுவிட்டு, "எட்டலேன்னா என்ன, இருட்டுலயும் அழகாத்தான் இருக்கு" என்று கேமை அணைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அந்தத் தடத்தை ஆறு லட்சம் பேர் அணிந்தார்கள்.

கடைத்தெருவில் ஆட்கள் எஸ்தரை நிறுத்திப் பேசினார்கள். ஆலயத்தில் போதகர் அவளைப் பற்றிச் சொன்னார். சுகிர்தாவைப் பார்த்தவர்கள், "நீங்க எஸ்தரோட அக்காவா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்துவிடுவாள்.

அவள் விடவில்லை. மறுபடி மறுபடி பதிவு செய்தாள். தூத்துக்குடிக்காரர் செந்தூர்பாண்டி ஆறு வருடம் தனியாக உட்கார்ந்து செய்த ஒரு கேம் அப்போது வந்திருந்தது. கடலுக்கடியில் மூழ்கிப்போன ஊர். இன்னமும் அங்கே வீடு வீடாகப் போய் மின்கம்பி சரிபார்க்கும் ஒரு லைன்மேன். மொத்தமே நான்கு நிறங்கள். உண்மையிலேயே நல்ல கேம் என்று சுகிர்தாவுக்குப் பட்டது. நான்கு மணி நேரம் விளையாடிப் பதிவு செய்து, இந்த முறை தப்பாது என்று நம்பினாள். அதை அணிந்து பார்த்த காஜா மைதீன் சீக்கிரமே பட்டையைக் கழற்றிவிட்டான்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"சும்மா சொல்லு."

"எலுமிச்சங்கொட்டையக் கடிச்ச மாதிரி இருக்குக்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எழுத்துல எதையும் மறைச்சிரலாம். தடத்துல முடியாது. நீங்க கேம நல்லாத்தான் ரசிச்சிருக்கீங்க. ஆனா ஒவ்வொரு நல்ல இடம் வரும்போதும், இத இன்னொருத்தங்க விளையாடினா இதவிட சந்தோஷப்படுவாங்களேன்னு ஒரு எரிச்சல் வருது. அது போட்டவங்களுக்கும் வரும்."

இன்னொருத்தர் யார் என்று அவன் கேட்கவில்லை. சுகிர்தாவும் சொல்லவில்லை.

நிறுவனம் அவளுக்கு வேறு வேலை கொடுத்தது. எஸ்தரின் தடங்களை வெளியிடும் முன் துப்புரவு செய்ய வேண்டும். முதுகு அரிப்பு, பசி, ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கிய நினைவு ஆகியவற்றைக் கண்டுபிடித்து வெட்டி எடுக்கிற வேலை. கேமைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் அதைச் செய்ய முடியும் என்று அவர்கள் சொன்னது மரியாதையா கேலியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு தினமும் அவள் தங்கையின் சந்தோஷத்தை நெற்றியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை அது வெறும் அறியாமை என்றுதான் நினைத்திருந்தாள். அணிந்த பிறகுதான் தெரிந்தது. திரையில் ஒரு பச்சைக் கட்டம் அசைந்தால், எஸ்தரின் நெஞ்சுக்குள் அது நிஜமாகவே ஒரு கோழி. அதற்குப் பசிக்கும், அதற்கு ஊர் உண்டு. நத்தைமேல் விழும் மழைத் துளிகள் எஸ்தரின் தோள்மேலும் விழுந்தன. பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூடச் சுகிர்தாவுக்கு இப்படி வந்ததில்லை. கழற்றி வைத்ததும் அறை வெறுமையாக இருந்தது. இந்தச் சந்தோஷத்துக்காக ஏங்கியே தன் வாழ்நாளைச் செலவழித்தவள் அவள். அது டிபன் பாக்ஸோடு வந்த ஒருத்தியிடம் போய் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் மதியம் செந்தூர்பாண்டி எஸ்தரைத் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய கடலடி ஊர் கேமுக்கு எஸ்தர் பதிவு செய்த தடம் மாதக்கணக்காக முதலிடத்தில் இருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எஸ்தர் நினைத்து, அக்கா வீட்டில் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

"உங்க தடத்த பதினோரு லட்சம் பேரு போட்டுப் பாத்திருக்காங்க மேடம்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "என் கேம விளையாடினவங்க நானூத்திப் பன்னெண்டு பேரு."

எஸ்தருக்குப் புரியவில்லை. "அப்ப மத்தவங்க?"

"மத்தவங்களுக்கு எதுக்கு மேடம் கேமு? உங்க தடம் விருந்து மாதிரி. சாப்பிட்டு ஏப்பம் விட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறாங்க. அப்புறம் எவன் அடுப்பங்கரையில வந்து நிக்கப் போறான்? கடைசி வீட்டுல ஒரு ரூம் வச்சிருக்கேன். ஒரு வருஷம் அதுக்கே ஆச்சு. இன்னி வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகல. நீங்களும் போகல."

"நாலு மணிக்கு நான் திரும்ப வேலைக்குப் போகணும்ல…" என்றாள் எஸ்தர்.

"உங்களக் குத்தம் சொல்ல வரல. சொல்லணும்னு தோணுச்சு, அதான்." அவர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் வைத்துவிட்டுப் போன டம்ளரை எஸ்தர் எடுத்துக் கழுவினாள். பிறகு, "எக்கா, நான் கேமச் சரியா விளையாடலையோ? பாதியிலயே விட்டுருதேன். நீன்னா கடைசி வரைக்கும் போயிருப்பேல்லா?" என்றாள்.

அந்த நிமிடத்தில் சுகிர்தாவுக்குள் என்ன நடந்தது என்பதை அவளே பின்னாளில் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். கோபமாகவோ வெறியாகவோ எதுவும் வரவில்லை. மிக நிதானமாக, செய்ய வேண்டியது இதுதான் என்று தெரிந்தது.

"ஒனக்குப் பாக்கத் தெரியல, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை வா. நான் சொல்லித்தாரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து எஸ்தர் வந்தாள். சுகிர்தா பக்கத்தில் உட்கார்ந்து நத்தையை ஓட விடச் சொன்னாள்.

"அது நகருத விதத்தப் பாரு. எட்டே படம்தான் மாறி மாறி வருது. எட்டு முடிஞ்சதும் மறுபடி முதல் படம். எண்ணு."

எஸ்தர் எண்ணினாள். "ஆமா."

"அந்தக் கோழி டிப்போவுல எத்தன கோழின்னு நெனைக்க? மொத்தம் நாலு. நிறத்த மாத்தி மாத்திப் போட்டிருக்கான். நீ ரெண்டு டிக்கெட் குடுத்தாலும் ஒண்ணு குடுத்தாலும் அதுக்கு ஒண்ணுமில்ல. அதுக்குப் பசிங்கிறதே கெடையாது."

எஸ்தர் சிரிக்க முயன்றாள். "சரி, மழை?"

சுகிர்தா ஒரு கணம் தயங்கினாள். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"நீ பாதித் தெருவத் தாண்டினதும் மழை வரும். எப்ப விளையாடினாலும் அதே எடத்துலதான். யார் விளையாடினாலும். ஒனக்காக வரல அது."

எஸ்தர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். திரையில் நத்தை தூங்கிப்போனது. "அப்படியா" என்றாள். பிறகு, "இன்னும் சொல்லு" என்றாள்.

சுகிர்தா மாலைவரை சொன்னாள். அடுத்த ஞாயிறும் சொன்னாள். தனக்குத் தெரிந்ததை எல்லாம், பதினேழு வருடத்தையும், தங்கையின் தலையில் இறக்கி வைத்தாள்.

அடுத்து வந்த தடத்தைத் துப்புரவு செய்ய அணிந்தபோது அதில் வெட்டி எடுக்க ஒன்றுமே இருக்கவில்லை. முழுக்க எண்ணிக்கை. எஸ்தர் படங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்ததிலும், அதற்கு அடுத்ததிலும் அதேதான். அணிந்தவர்கள் புகார் எழுதினார்கள். ஒரே மாதத்தில் நிறுவனம் கரூரில் ஓய்வுபெற்ற ஒரு பேருந்து நடத்துநரைக் கண்டுபிடித்தது. அவர் எதைப் பார்த்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பாராம். எஸ்தரின் பெயர் பட்டியலிலிருந்து இறங்கிக்கொண்டே போய் ஒரு நாள் காணாமல் போனது. எஸ்தர் எதுவும் சொல்லாமல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் வந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தாலும் திரைப்பக்கம் போவதில்லை.

சுகிர்தா எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. ஆனால் எரிச்சல் போய்விட்டிருந்தது. அதை இழப்பாக நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் செந்தூர்பாண்டி போனில் கூப்பிட்டார். குரலே வேறாக இருந்தது.

"மேடம், உங்க தடம் ஒண்ணு, என் கேமுக்கு நீங்க பண்ணினது, நிறுவனம் வேண்டாம்னு தள்ளிட்டாங்கன்னு காஜா தம்பி சொன்னாரு. நான்தான் கேட்டு வாங்கினேன். கேம் செஞ்சவருக்குக் குடுக்கலாம்னு விதி இருக்காமே. போன மாசம் என் இணையப் பக்கத்துல சும்மா போட்டு வச்சேன்."

சுகிர்தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"அத விடுங்க மேடம். முன்னூத்தி நாப்பது பேரு போட்டாங்க. அதுல முன்னூறு பேருக்கு மேல கேம வாங்கி விளையாடிட்டிருக்காங்க! கடைசி ரூமுக்கு அறுபது பேரு போயிட்டாங்க மேடம்! உள்ள போனதும் என்ன பண்ணாங்கன்னு எழுதறாங்க… நான் உக்காந்து அழுதேன்."

"அது எப்படி?"

"நானும் காஜாகிட்ட அதான் கேட்டேன். எஸ்தர் மேடம் தடத்துல வயிறு நெறஞ்சிடுது. உங்களதப் போட்டா, பக்கத்து வீட்டுல ஏதோ விசேஷம், நமக்கு மட்டும் அழைப்பு இல்லங்கிற மாதிரி ஆயிடுதாம். மனசு கெடந்து தவிக்குது. தானே எட்டிப் பாக்க வந்துடறாங்க. என்ன மாதிரி சின்னச் சின்னதா செய்யறவங்க இருபது பேரு இருக்கோம் மேடம். எல்லாருக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தரணும் நீங்க."

முன்னூற்று நாற்பது பேர். அவள் தங்கைமேல் கொண்ட பொறாமையை முன்னூற்று நாற்பது பேர் நெற்றியில் கட்டிப் பார்த்துவிட்டார்கள். எஸ்தருக்குத் தெரியும் முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று அவள் செருப்பை மாட்டியபோது, எஸ்தரே வாசலில் நின்றிருந்தாள். கையில் டிபன் பாக்ஸ் இல்லை.

"ஒன் தடத்தப் போட்டுப் பாத்துட்டேன்" என்றாள் எஸ்தர்.

சுகிர்தா மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.

"லைன்மேன் முதல் விளக்கப் போடுதான். அழகா இருக்குன்னு நெனைக்க. ஒடனே என் மூஞ்சி வருது ஒனக்கு. சோத்த மென்னுக்கிட்டே சிரிக்கிற மூஞ்சி. என்னைப் பாத்தா ஒனக்கு அப்படியாக்கா இருக்கும்?"

"எஸ்தரு…"

"நீ பொறாமப்பட்டது எனக்குப் பெரிசில்ல. எனக்கு ஒன் மேல இல்லியா? சின்னதுல இருந்து எனக்கும்தான் இருந்துச்சு. நீ பேசினா எல்லாரும் கேப்பாங்க. எனக்கும் அப்படித் தெரியணும்னுதான் அந்த ஞாயித்துக்கிழமை நான் ஒக்காந்து கேட்டேன். நீ எனக்குச் சொல்லித்தாரேன்னு சந்தோஷமா கேட்டேன்." அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நீ வேணும்னே செஞ்சியா? அத மட்டும் சொல்லு."

"ஆமா."

தெருவில் ஒரு ஆட்டோ நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"நேத்து அந்த நத்தை கேமப் போட்டேன்" என்றாள் எஸ்தர். "பாதித் தெருவுக்கு முன்னாடியே, இந்தா மழை வருதுன்னு கை தானா எண்ணுது. அந்த மழைய எனக்குத் திருப்பித் தர முடியுமாக்கா ஒன்னால?"

பதிலுக்கு நிற்காமல் அவள் திரும்பி நடந்தாள். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சுகிர்தா நிறுவனத்தின் பதிவு அறைக்குப் போனாள். செந்தூர்பாண்டியின் நச்சரிப்பு ஒரு காரணம். வீட்டில் சும்மா இருக்க முடியாதது இன்னொன்று. அவர் சொன்ன இருபது பேரில் ஒருவர் புதிதாகச் செய்த கேமை இரண்டு மணி நேரம் விளையாடினாள். காஜா மைதீன் பதிவை அணிந்துகொண்டு கண்ணை மூடினான். இந்த முறை பட்டையைக் கழற்ற வெகுநேரம் ஆனது. கழற்றியபின் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கசப்பு இருக்கா?"

"துளிகூட இல்லக்கா."

"அப்ப என்ன இருக்கு?"

அவன் பட்டையைப் பெட்டியில் வைத்து மூடினான். செந்தூர்பாண்டி கேட்டார் என்று அனுப்பிவைத்தான். இரண்டு நாள் கழித்து அவர் போனில் வந்தார். ஏமாற்றத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"எரநூறு பேரு போட்டாங்க மேடம். ஒருத்தரும் கேமப் பக்கமே வரல."

"பிடிக்கலியா?"

"அப்படித் தெரியல. பாதிப் பேரு எழுதியிருக்காங்க. போட்டு முடிச்ச ஒடனே எந்திரிச்சுப் போயி யாருக்கோ போன் பண்ணாங்களாம். அண்ணன், தங்கச்சி, பழைய கூட்டாளின்னு. வருஷக்கணக்கா பேசாதவங்களுக்கெல்லாம். நீங்க என்னத்த மேடம் நெனச்சீங்க அதுல? எனக்கு அந்தப் பழைய மாதிரி ஒண்ணு குடுங்களேன்."

"அது இனிமே வராதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள் சுகிர்தா.

இருநூறு பேரைப் போன் பக்கம் அனுப்பியவள் தான் மட்டும் இன்னும் கூப்பிடாமல் இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனை எடுத்தாள், வைத்தாள். பிறகு தட்டில் சோற்றைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு எதிர்த் தெருவுக்கு நடந்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, எஸ்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். நெற்றியில் பட்டை இல்லை. திரையில் கட்டம் கட்டமாக ஏதோ ஒரு கேம். சுகிர்தாவுக்குத் தெரியாத கேம். ஒரு சலவைக்காரக் கழுதை மேகங்களைப் பிழிந்து கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தது.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த ஸ்டூலை மட்டும் காலால் நகர்த்தினாள்.

"வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

சுகிர்தா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். எஸ்தர் விளையாடினாள். முதலில் அவள் விரல் இடது கைக்குள் எதையோ எண்ணியது. கழுதை ஒரு மேகத்தைத் தவறவிட்டது, இன்னொன்றையும் தவறவிட்டது. மூன்றாவது மேகத்தைப் பிழிந்ததும் அதற்குள்ளிருந்து ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. கழுதை அதைக் குனிந்து பார்த்தது. எண்ணிக்கொண்டிருந்த விரல் நின்றது.

எஸ்தர் வாயில் சோற்றோடு பக்கென்று சிரித்தாள்.

அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவளுக்குத் தெரிந்தது கட்டங்கள்தான். நெஞ்சுக்குள், மாதக்கணக்காகக் காணாமல் போயிருந்த அந்தப் பழைய எரிச்சல் மெல்லக் கண் விழித்தது. பற்களுக்கு இடையே கசந்தது. தங்கையிடம் பொறாமைப்பட மறுபடி ஏதோ இருந்தது; அவளுக்கு அழுகை வரும்போல் நிம்மதியாக இருந்தது. சத்தம் வராமல் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.